வெள்ளம் வடிந்த பிறகு ஒரு பள்ளிக்கூடம்

ஆஸ்திரேலியாவுக்குப் போய் வந்தவன் கங்காருவைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்தீர்களா? இல்லை நண்பர்களே! சிட்னிக்கு வடமேற்கே, ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் எபனேசர் என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ஒரு பழைய கல் கட்டடம். சிவில் படித்தவன் சும்மா வருவானா? சுவரைத் தட்டிப் பார்த்தேன்; பிறகு அதன் வரலாற்றையும் தேடிப் படித்தேன்.

1802இல் 'கோரமண்டல்' என்ற கப்பல் (ஆமாம், நம்ம சோழமண்டலக் கரையின் பெயர்தான்!) கைதிகளோடு சில விவசாயக் குடும்பங்களையும் சிட்னியில் கொண்டுவந்து இறக்கியது. அந்தக் குடும்பங்கள் நிலம் தேடித் தாங்களாகவே வந்தவை. அவர்களுக்கு இந்த ஆற்றோரம் நிலம் கிடைத்தது. நல்ல வண்டல் மண். கோதுமையும் மக்காச்சோளமும் அமோகமாக விளைந்தன. ஆனால் வண்டலைக் கொண்டுவந்த ஆறு சும்மா இருக்குமா? 1806 மார்ச்சில் வந்த பெருவெள்ளம் பயிர், தானியம், கால்நடை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. காலனிக்கே சோறு போட்ட பகுதி இது. அதனால் சிட்னியிலும் தானியப் பஞ்சம்.

அதே வருஷம் செப்டம்பரில் இந்த மக்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். நோக்கம் இரண்டு: கிறிஸ்தவ அறிவைப் பரப்புவது, பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லிக் கொடுப்பது. குதிர் காலியாகிக் கிடந்த வருஷத்தில் பள்ளிக்கூடத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்! 1809இல் மணற்கல் கட்டடம் எழுந்தது. அந்த வருஷமும் வெள்ளம்தான். வழிபாடு நடந்த அதே கட்டடத்தில் ஒரு பகுதியைத் தடுத்துப் பள்ளி நடத்தினார்கள். தஹிதித் தீவில் மிஷனரியாக இருந்த ஜான் யூல் என்பவர் போதகராகவும் வாத்தியாராகவும் இருந்தார். 1817இல் பக்கத்திலேயே வாத்தியாருக்கு ஒரு வீடும் கட்டினார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த நிலம் தாருக் மக்களுடையது. அவர்கள் கிழங்கு தோண்டிய ஆற்றங்கரைதான் மக்காச்சோள வயலாகிப் போனது. அதனால் 1790களிலேயே ரத்தம் சிந்திய மோதல்கள். கவர்னர் மக்குவாரி 1815இல் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று பரமட்டாவில் ஒரு விடுதிப்பள்ளி திறந்தார். பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பதுதான் அதன் வழி. ஒரு பக்கம் பெற்றோர் கட்டிய பள்ளி, இன்னொரு பக்கம் பெற்றோரை விலக்கிய பள்ளி. எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது.

சர்க்கார் பெரிய அளவில் இறங்கியது பிறகுதான். 1848இல் கல்விக்கு இரண்டு வாரியங்கள் வந்தன. 1866 சட்டப்படி பொதுப்பள்ளி வேண்டுமென்றால் 25 பிள்ளைகளைக் காட்ட வேண்டும். அவ்வளவு தலை தேறாத ஊர்களுக்குத் தற்காலிகப் பள்ளி. அதற்கும் வழியில்லையா, 'அரைநேரப் பள்ளி': ஒரே வாத்தியார் இரண்டு ஊருக்கும் மாறி மாறிப் போய்ப் பாடம் நடத்துவார். 1880இல் கட்டாயக் கல்வி வந்தது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் அரையாண்டுக்கு 70 நாள் வந்தால் போதும். மிச்ச நாள் வயலுக்குத்தான் போயிருக்கும்! ஆனால் கட்டாயம் என்று சொன்ன சட்டம் இலவசம் என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு வாரம் மூன்று பென்ஸ் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் நீங்கியது 1906இல். ஹாக்ஸ்பரியில் அந்தப் பெருவெள்ளம் வந்து அப்போது நூறு வருஷம் ஆகியிருந்தது.