வெயில் வகுத்த வேலை நேரம்



சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் பால்மரத் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், பொழுது விடியும் முன்பே பெரட்டுக்கு ஆள் கூடிவிடும். தாய்மார்கள் தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விடுவார்கள். பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள். "விடிந்த பிறகு போனால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. "வெயில் ஏறினால் பால் நின்றுவிடும்" என்பதே பெரியவர்களின் பதில். அந்த ஒரு வரிக்குள் தாவர இயலின் பெரிய பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. விஞ்ஞானிகள் அதைப் படிப்படியாகக் கண்டறிந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

செடிக்கு வெளிச்சம் எதற்கு? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தந்தவர் யான் இங்கென்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். பச்சை இலைகளைத் தண்ணீரில் மூழ்கவைத்துச் சோதித்தார். வெயில் பட்டபோது இலைகளிலிருந்து நல்ல காற்றுக் குமிழிகள் எழுந்தன, இருட்டில் எழவில்லை. 1779இல் இதை நூலாக வெளியிட்டார். இலை ஒரு சமையற்கட்டு என்றால், வெயில்தான் அதன் அடுப்பு. வேர் தரும் நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு இலை சர்க்கரையைச் சமைக்கிறது. மரத்தின் தண்டு, பட்டை, பழம், ஏன், ரப்பர் பால்கூட அந்தச் சர்க்கரையிலிருந்து உருவாவதே.

பால்மரம் நம் நாட்டுக்கு வந்த கதையை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டு அவற்றில் முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையை மெல்லிய சீவலாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அந்த முறையில்தான் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினார்கள்.

சரி, அதை விடியலில் ஏன் வெட்டவேண்டும்? இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. வெளிச்சம் வந்ததும் அவை திறக்கும். கரியமில வாயு உள்ளே போகும். ஆனால் திறந்த கதவு வழியே நீரும் ஆவியாக வெளியேறும். அந்த இழப்பை ஈடுகட்ட, இலை தண்டிலுள்ள நீரை மேலே இழுக்கிறது. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் குறைகிறது. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, வேர் உறிஞ்சும் நீர் மரத்தை மறுபடி நிரப்புகிறது. ஆகவே விடியலுக்குச் சற்று முன்புதான் பால் குழாய்கள் மிக விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் கத்தி பட்டால் பால் தானே பீறிட்டு வடிந்து மங்கில் இறங்கும்.

பட்டரி, போட்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பால் குழாயின் இந்த அழுத்தத்தைக் கருவி கொண்டு அளந்து 1964இல் வெளியிட்டார்கள். விடியலுக்கு முன் அது காற்றழுத்தத்தைப்போல் 10 முதல் 15 மடங்கு வரை இருந்தது. மோட்டார் காரின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்று ஏறக்குறைய 2 மடங்குதான் என்பதை எண்ணிப் பாருங்கள்! பகலில் வெயில் ஏற ஏற மரத்தின் அழுத்தம் இறங்கியது. வாளியின் கனத்தைக் கொண்டே நம் பெற்றோர் அறிந்திருந்த உண்மையைக் கருவியும் காட்டியது.

எல்லாச் செடிகளும் இப்படித்தான் நடந்துகொள்ளுமா? இல்லை. சிம்பாங் ரெங்கத்தின் இன்னொரு பயிரான அன்னாசி இதற்கு நேர்மாறு. அது இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, புளிப்பாகச் சேமித்துவைக்கும். பகலில் கதவை அடைத்துக்கொண்டு, வெயிலின் துணையால் அந்தப் புளிப்பைச் சர்க்கரையாக்கும். நீர் வீணாவதில்லை.

இந்த விந்தைக்குத் தொடக்ககாலத் தடயம் ஒன்று கிடைத்தது இந்தியாவில். தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர அறிஞராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் காலையில் கடித்துப் பார்த்தார், நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. இதை அவர் கடிதமாக எழுதினார். புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடுமே, அதே இலைதான். பிள்ளைகள் அதைக் கடித்துப் பார்க்கவேண்டாம். அதில் நச்சுப் பொருள் உண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இளம் பால்மரங்களுக்கு இடையே அன்னாசி பயிரிட்டார்கள். மரம் பாலுக்கு வரும்வரை அன்னாசியால் வருமானம். சில ஆண்டுகளில் மரங்கள் கிளை பரப்பி நிழல் மூடியதும் அன்னாசி நலிந்தது. நீரை மிச்சம் பிடிக்கத் தெரிந்த செடிக்கும் வெளிச்சம் இல்லாமல் வாழ வழியில்லை.

பின்னர் செம்பனை வந்தது. குலை அறுப்பவர்கள் விடியலுக்கு முன் அறுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல தோட்டங்களில் இருட்டு வேலை மறைந்தது. ரப்பர் வரலாற்றை எழுதியவர்கள் விக்கத்தையும் ரிட்லியையும் மறக்காமல் குறித்தார்கள். மரத்தின் கடிகாரத்துக்கு ஏற்பத் தம் தூக்கத்தைக் கொடுத்தவர்களின் பெயர்கள் அந்த ஏடுகளில் இல்லை. உங்கள் வீட்டில் பால் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், எந்த மரம் எப்போது நன்றாகப் பால் கொடுத்தது, மழைக்கு மறுநாள் எப்படி, இலை உதிரும் மாதங்களில் எப்படி என்று கேட்டு, பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். அதுவும் விஞ்ஞானமே, அதுவும் வரலாறே.