கோடு மாறிச்சு, ஊரு மாறல

நம்ம கூட்டமைப்பு மலருக்கு இந்தப் பகுதியின் வரலாற்றை எழுதச் சொல்லி தலைவி அக்கா கேட்டபோது, "எனக்கென்னக்கா தெரியும், நானே நகரியிலிருந்து வாழ வந்தவள்" என்றேன். "இங்க யாருதான் வாழ வராதவ? எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

1988-ல் கல்யாணமாகி அரக்கோணம் வந்தேன். ரயிலில் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, பொன்பாடி, திருத்தணி தாண்டினால் அரக்கோணம். கிட்டத்தில்தான். ஆனாலும் எனக்கு அது வேறு தேசமாக இருந்தது. தாய்வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். இங்கே தெரிந்ததெல்லாம் தண்டவாளம். 1856-ல் ராயபுரத்திலிருந்து போட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையே நம்ம ஊர் வழியாகத்தான் போனது. ராத்திரியெல்லாம் வண்டிச் சத்தம், தூக்கமே வராது. தமிழ் பேசுவேன். ஆனால் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம் என்பதால், பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ஒருநாள் அழுதுகொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரு தபா ஊரு மாறினதுக்கே அழுவுறியே, நான் வூட்ட வுட்டு நகராமலே எத்தினி ராஜ்ஜியம் மாறிக்கிறேன் தெரியுமா?" என்றார்.

அத்தை பிறந்தது பொதட்டூர்பேட்டை. நெசவுக் குடும்பம். அவர் பிறந்தபோது அது சித்தூர் மாவட்டம், சென்னை மாகாணம். தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர்விட்டார். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதோடு போனது. திருத்தணியும் போனது, அத்தையின் தறியும் போனது. 1956-ல் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. அரக்கோணம் மட்டும் இந்தப் பக்கமே இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி போனால் அடுத்த மாநிலம்!

இதைத் தடுக்கப் பாடுபட்டவர்களில் நம்ம பக்கத்து ஆசிரியர் ஒருவர் உண்டு. குருவராஜப்பேட்டை மங்கலங்கிழார். எல்லையோர ஊர்களில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும், திருத்தணி கே. விநாயகம் போன்றவர்களும் போராட்டத்தை நடத்தினார்கள். மங்கலங்கிழார் 1953-லேயே மறைந்துவிட்டார். திருத்தணி திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை.

பிறகு பட்டாஸ்கர் என்பவர் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் சமரசம் செய்தார். கிராமம் கிராமமாக, எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று பார்த்துக் கோடு போட்டார்கள். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. பொதட்டூர்பேட்டையும் வந்தது. என் நகரி அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

கோடு போட்டாலும் பேச்சைப் பிரிக்க முடியுமா? நகரியில் இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவே இல்லை. அப்படி வந்தவள்தான் நான்.

அத்தை சொன்னதைக் கேட்டு அன்று அழுகை நின்றது. ஆனால் இது என் ஊர் என்ற எண்ணம் அப்போதும் வரவில்லை. அது வந்தது குழுவால்தான்.

1989-ல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு, பிறகு மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. எங்கள் தெருவில் 1999-ல் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். கூட்டம் எங்கள் வீட்டுத் திண்ணையில். கணக்கு எழுத ஆள் வேண்டும். பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். உடனே பேச்சு எழுந்தது: "அவ தெலுங்குல எழுதினா எவளுக்குப் புரியும்? நாளைக்கு ஆந்திராவுக்கே பூட்டா, கடன யாரு கட்டுறது?"

எனக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. திண்ணை ஓரம் உட்கார்ந்திருந்த அத்தைதான் வாய் திறந்தார். "நம்பரு ரெண்டு பாஷையிலயும் ஒண்ணுதானே. உங்க பேர நீங்க எழுதக் கத்துக் குடுங்க, கணக்க அவ எழுதட்டும்."

அப்படித்தான் ஆனது. கையெழுத்துப் போடத் தெரிந்த ஐந்தாறு பேர் கூடவே உட்கார்ந்து கத்துக் கொடுத்தார்கள். அ, ஆ வரிசையாகத் தெரிவதற்கு முன்பே அந்தப் பதினொரு பேரின் பெயரையும் தமிழில் எழுதப் பழகிவிட்டேன். ஒரு வருஷத்தில் தீர்மானப் புத்தகமும் என் கைக்கு வந்தது. பெயர் எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்களுக்கு, பிறகு நானே கையெழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் இது என் ஊர் ஆனது.

அத்தை இப்போது இல்லை. இதை எழுதக் காரணம் ஒன்று இருக்கிறது. போன வருஷம், கட்டட வேலைக்கு வந்து ஏழு வருஷமாக நம்ம பகுதியிலேயே குடியிருக்கும் ஒரு பெண், குழுவில் சேரக் கேட்டாள். பாஷை வேறு. "ஊருக்குப் பூட்டா கடன யாரு கட்டுறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டோம். எனக்குச் சொன்ன அதே வார்த்தை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அத்தை இருந்திருந்தால் பேசியிருப்பார்.

அடுத்த கூட்டத்தில் அவளைச் சேர்க்கும் தீர்மானத்தை நானே கொண்டுவரப் போகிறேன். அவள் பேரை எழுதவும் நானே கத்துக் கொடுக்கிறேன். அன்று கை தூக்குங்கள், அக்கா தங்கைகளே.