பெங்களூர்க் குழாயும் பெயரறியாத் தம்பியும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருள் பழவங்காடிப் பிள்ளையாரை அறியாதார் இலர். கிழக்கேகோட்டை வழியே செல்வோர் ஒரு தேங்காயேனும் உடைக்காமல் அவ்விடத்தைக் கடப்பது அரிது. அப்பெருமான் முன்னர்ப் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் நாயர் படையினர் வழிபட்ட தெய்வம் என்றும், தலைநகர் இடம் பெயர்ந்தபோது வீரர்களுடனே இங்கு எழுந்தருளினார் என்றும் கூறுவர். நாடு விடுதலை பெற்றபின் திருவிதாங்கூர்ப் படை இந்தியப் படையுடன் இணைந்தது. இன்றும் அக்கோயிலைப் பேணி வருவது நம் இராணுவமே. படையும் வழிபாடும் ஒருங்கே நிற்கும் இவ்வூரில் வாழும் நாம், தென்னாட்டு வீரர் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

1914-ஆம் ஆண்டு மூண்ட முதல் உலகப் போர், வெட்டவெளியில் தொடங்கிக் குழிகளுக்குள் முடங்கியது. சுவிட்சர்லாந்து எல்லை முதல் வடகடல் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்திற்கு இரு தரப்பாரும் பதுங்குகுழி வெட்டி, அவற்றின் முன்னே முட்கம்பி வேலி இட்டனர். வேலியில் சிக்கிய வீரன் இயந்திரத் துப்பாக்கிக்கு இரையானான். குழிக்குள் இருப்பவனை எவ்வாறு தாக்குவது? வேலியை எவ்வாறு கடப்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடையாக இரண்டு எளிய குழாய்கள் அமைந்தன.

ஒன்று, வில்பிரட் ஸ்டோக்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1915-இல் வடிவமைத்த மார்ட்டர் எனும் குறும்பீரங்கி. அடியில் ஒரு தட்டும் முன்னே இரு கால்களும் கொண்ட வெறுங்குழாய் அது. மேல்வாயில் குண்டை நழுவ விட்டால், அது அடியிலுள்ள ஊசியில் மோதி, வெடித்து மேலெழுந்து, செங்குத்தாகப் பகைவர் குழிக்குள் வீழும். பயிற்சி பெற்றோர் நிமிடத்திற்கு 20 குண்டுகளுக்கு மேலும் எறிந்தனர். இன்றைய மார்ட்டர்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

மற்றொன்று நம் தென்னாட்டில் பிறந்தது. பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் மக்ளின்டாக் 1912-இல் அதனை உருவாக்கினார். வெடிமருந்து நிரப்பிய குழாய்கள் பலவற்றை ஒன்றோடொன்று பூட்டி நீளமாக்கி, மறைவிடத்தில் இருந்தபடியே வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்வர். கம்பிகள் அறுபட்டு, வீரர் நுழையும் அளவிற்கு வழி பிறக்கும். முன்னைய போர்களில் கைவிடப்பட்ட தடைகளையும் பொறிவெடிகளையும் அகற்றுவதற்கென எண்ணப்பட்ட இக்கருவி, பதுங்குகுழிப் போரில் பேருதவி புரிந்தது. 'பெங்களூர் டார்ப்பிடோ' என்பது அதன் பெயர். வீரர்கள் சுருக்கமாகப் 'பெங்களூர்' என்றே அழைப்பர்.

நிற்க. இப்பெயர் போர்க்களத்தோடு நின்றுவிடவில்லை. 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய நிகழ்ச்சியைக் காட்டும் திரைப்படங்களில் இக்குழாய் தவறாது இடம் பெறுகிறது. 1962-இல் வெளிவந்த 'தி லாங்கஸ்ட் டே', 1980-இன் 'தி பிக் ரெட் ஒன்', 1998-இன் 'சேவிங் பிரைவேட் ரயன்' ஆகிய மூன்றிலும் அதனைக் காணலாம். 2002-இல் வந்த 'மெடல் ஆஃப் ஹானர்' என்னும் கணினி விளையாட்டிலும், ஆடுவோர் இக்குழாயைத் தேடிக் கொணர்ந்தாலன்றி வேலியைக் கடக்க இயலாது. நம் இல்லத்துச் சிறார்கள் 'பெங்களூர்' என்று கூவும் ஒலியை அங்கே கேட்டிருப்பர். அது நம் அண்டை நகரின் பெயர் என்பதை எத்தனை பேர் உணர்ந்திருப்பர்?

ஊரின் பெயர் உலகெங்கும் பரவியது. அப்படையில் உழைத்தவர் பெயரோ பரவவில்லை. 1780-இல் சென்னையில் தோன்றிய அப்படையில் தமிழர் பெருந்தொகையினர். அதன் வீரரைத் 'தம்பி' என்று அழைப்பதே வழக்கம். பாலம் அமைத்தலும் வழி சமைத்தலும் கண்ணிவெடி அகற்றுதலும் அவர்தம் தொழில். முதல் உலகப் போரில் மெசபொத்தேமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அவர்கள் பணியாற்றினர்.

அவர்களுள் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தருகே கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றில் அவர் இருந்தார். உடன் வந்த ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். அது வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் தம் உடலையே கிடத்தினார். தோழர்கள் பிழைத்தனர், அவர் உயிர் துறந்தார். அவர் மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது அவருக்கு வழங்கப்பெற்றது. நார்மண்டியைக் காட்டும் படங்கள் பல. மிஞ்ஞானோவின் இத்தமிழ் மகனை நம்முள் எத்தனை பேர் அறிவர்?

வெடிகுண்டைப் போற்றுவது நம் நோக்கமன்று. மனிதனை மனிதன் கொல்லும் கருவி எதுவாயினும் வருந்தத்தக்கதே. ஆயினும், கருவியை நினைவிற் கொள்ளும் உலகம் மனிதனை மறத்தல் முறையாகுமோ? நம் சங்கத்துக் குடும்பங்களிலும் படையில் பணியாற்றிய பாட்டனார் சிலர் இருந்திருப்பர். பழைய பெட்டிகளில் அவர்தம் பதக்கங்களும் மடல்களும் உறங்கக்கூடும். இல்லத்துப் பெரியோரிடம் கேட்டு, பெயர், ஊர், படைப்பிரிவு ஆகியவற்றையேனும் எழுதி வைப்போமாக. அடுத்த ஆண்டு மலரில் அப்பெயர்கள் ஒரு பக்கமேனும் இடம் பெறுமாயின், அதுவே நாம் அவர்களுக்குச் செலுத்தும் நன்றிக் கடனாகும்.