ராஜராஜனின் பெரிய பாட்டி



சித்திரை மாதத்துக் கேட்டை நட்சத்திரம் ஒரு பாட்டியின் பிறந்த நாள். ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்தவர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் கைலாசநாதர் கோயிலில் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். செம்பியன் மாதேவி என்றால் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு உடனே நினைவு வரும். கதையை விட்டுவிட்டு, கல்வெட்டில் இருக்கும் பாட்டியைப் பற்றி இன்று கொஞ்சம் எழுதுகிறேன்.

முதலில் உறவு முறை. முதலாம் பராந்தக சோழனின் மகன்களில் கண்டராதித்தன் ஒருவன், அரிஞ்சயன் இன்னொருவன். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன், அவன் மகன் ராஜராஜன். கண்டராதித்தனின் மனைவிதான் செம்பியன் மாதேவி. தாத்தாவின் அண்ணன் மனைவி நமக்கு என்ன முறை? பெரிய பாட்டி. ராஜராஜனுக்கும் அவன் அக்காள் குந்தவைக்கும் அவர் அந்த முறைதான்.

திருச்சி உய்யக்கொண்டான் திருமலையில் 941-ஆம் ஆண்டளவில் விளக்கு எரிக்க அவர் கொடுத்த கொடை கல்வெட்டில் இருக்கிறது. அப்போது ஆண்டவர் அவருடைய மாமனார் பராந்தகர். 1001 வரை அவர் பெயர் கல்வெட்டுகளில் வந்துகொண்டே இருக்கிறது. அறுபது ஆண்டுகள், ஆறு அரசர்கள். பராந்தகன், கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தம சோழன், ராஜராஜன். கணவர் போனார், கொழுந்தனார் போனார், பெற்ற மகன் உத்தம சோழனும் போனான். பாட்டி இருந்தார்.

கண்டராதித்தர் பெரிய சிவபக்தர். தில்லைக் கூத்தனைப் பற்றி அவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பாவாக இருக்கிறது. அவருக்குப் பின் மகன் இருந்தும் அரியணை தம்பி அரிஞ்சயனுக்குப் போனது. கைம்பெண்ணான அரசியின் நிலை அரண்மனையில் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு பெண்ணையும் நினைக்க வேண்டும். சுந்தர சோழன் இறந்தபோது அவன் மனைவி வானவன் மாதேவி, ராஜராஜனின் தாய், கணவனுடன் தீப்புகுந்தாள். பால்மணம் மாறாத குழந்தையை விட்டுவிட்டுப் போனாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. அதே குடும்பத்தில், அதே காலத்தில், செம்பியன் மாதேவி உயிரோடு இருந்தார். அவர் இருந்ததால் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்பதற்குக் காவிரிக் கரையில் இன்றும் கல்லிலேயே சாட்சி நிற்கிறது.

அப்பர், சம்பந்தர், சுந்தரர் பாடிய கோயில்கள் பல அன்று செங்கல் கட்டடங்கள். மழையிலும் வெள்ளத்திலும் கரைந்துகொண்டிருந்தன. பாட்டி ஒவ்வொன்றாகக் கற்றளி ஆக்கினார். திருநல்லம் என்ற கோனேரிராஜபுரம், ஆடுதுறை, திருக்கோடிகாவல், குத்தாலம், திருவாரூர் அரநெறி, விருத்தாசலம் என்று பட்டியல் நீளும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் போகிறவர்கள் இரண்டு நாளில் பாதியைப் பார்த்துவிடலாம்.

திருநல்லத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது. கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடுவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். கணவர் பெயரால் எடுத்த கோயில் என்று கல்வெட்டும் சொல்கிறது. அதோடு, கோயிலைக் கட்டிய சாத்தன் குணபத்தன் என்பவரின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. வேலை செய்தவன் பெயரைக் கல்லில் ஏற்றுகிற மனம் எல்லோருக்கும் வராது.

என்னைக் கேட்டால், அவர் செய்ததில் பெரிய காரியம் திருக்கோடிகாவலில்தான் இருக்கிறது. பழைய கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்போது, அங்கே பழைய கல்வெட்டுகள் கிடந்தன. பல்லவர் காலத்தவையும் அவற்றில் உண்டு. யாரோ விளக்குக்குக் கொடுத்தது, யாரோ நிலம் கொடுத்தது. 'பழசுதானே' என்று அடித்தளத்தில் போட்டு மூடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அவற்றையெல்லாம் படித்து, படியெடுத்து, புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். பழைய கல்லில் இருந்ததன் படி என்ற குறிப்போடு அவை இன்றும் அங்கே இருக்கின்றன. தனக்கு முன் கொடுத்தவர்களின் தர்மம் தன் காலத்தில் அழியக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

கோயில் கட்டினால் மட்டும் போதாது, நாள்தோறும் விளக்கும் பூவும் வேண்டும். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுப்பது அக்கால வழக்கம். ஆடுகளை இடையர் பெற்றுக்கொண்டு தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானதைக் கழித்துக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்வார்கள். அதனால் 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பெயர். பூவுக்கும் இப்படியே. நந்தவனத்துக்கென்று நிலம் ஒதுக்கி, அதில் பாடுபடுகிறவர்களை 'நந்தவனம் உழப்பார்' என்று குறித்து, அவர்களுக்கு உணவும் உடையும் எழுதி வைத்தார்கள். மாலை தொடுப்பவர்களுக்குத் தனிப் பங்கு. செங்கழுநீர் வளர்க்க ஓடையே விட்டிருந்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பாட்டி நினைவுதான் வரும். உறவினர்களுக்குத் தெரியும். கிணற்றடித் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பிவிட்டு, அதன் ஓரத்தில் நந்தியாவட்டையும் பவழமல்லியும் வளர்த்தார். விடியலில் பறிக்கும் பூவில் முதல் கூடை கோயிலுக்கு, மிச்சம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு. பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் எந்தச் செடி யார் வீட்டிலிருந்து பதியனாக வந்தது என்று கடைசிவரை பெயர் சொல்லுவார்.

மறுபடி சோழர் வீட்டுக்கு வருவோம். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையானான். அதன்பின் அரியணை ஏறியவன் உத்தமன். சித்தப்பா முறையுள்ள உத்தமன் ஆசைப்படும் வரை தனக்கு அரசு வேண்டாம் என்று அருள்மொழி விலகி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 985-இல் உத்தமனுக்குப் பின் அருள்மொழி ராஜராஜனாக முடிசூடினான். இரண்டு கிளைகளுக்கும் பகை மூண்டிருக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் பாட்டி ராஜராஜன் ஆட்சியிலும் தம் திருப்பணியைத் தொடர்ந்தார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனிடம் அதிகாரியாக இருந்து, கோயில் கணக்குகளை விசாரித்தான். பெயரைக் கவனித்தீர்களா? தாத்தா பெயர் பேரனுக்கு. பெயரன் என்பதுதானே பேரன்.

மருமகள்களும் அவரைக் கொண்டாடினார்கள். உத்தம சோழனின் தேவியர் பலர் செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் மாமியாரின் பிறந்த நாள் பூசைக்கும் உணவுக்கும் பொன் கொடுத்திருக்கிறார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன சித்திரைக் கேட்டை அதுதான். மருமகள்கள் கூடி மாமியார் பிறந்த நாளுக்கு அறக்கட்டளை வைப்பது இந்தக் காலத்திலும் செய்திதான்! ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்தில், 1019-இல், அதே கோயிலில் அவருக்குத் திருமேனி எடுத்து வழிபாட்டுக்கும் வகை செய்தார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலை எல்லோரும் போற்றுகிறோம். போற்ற வேண்டியதுதான். அந்தக் கோயிலுக்கு முன்பே கல்தச்சர்களுக்கும் வார்ப்புக் கலைஞர்களுக்கும் ஓயாமல் வேலை கொடுத்துக் கை பழக்கியவர் இந்தப் பாட்டி. அவர் கல்வெட்டுகள் அவரை மழவரையர் மகள் என்றும், கண்டராதித்தரின் தேவி என்றும், உத்தம சோழனைத் திருவயிறு வாய்த்தவர் என்றும் குறிக்கின்றன. செம்பியன் மாதேவி என்பதும் சோழப் பேரரசி என்று பொருள்படும் பட்டப்பெயர்தான். தாய் வீட்டில் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது அவற்றில் இல்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இதை ஆசிரியர் கொடுக்கும் வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் அம்மா, அப்பாவின் அம்மா, அவர்களுடைய அம்மாக்கள் — எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்? வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு, பிறந்த ஊரோடு ஒரு நோட்டில் எழுதி, உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.