கால்விரலின் விலை

காலிலே பாரம் விழுவது தொழிலுலகின் மிகப் பழைய விபத்துக்களுள் ஒன்று. துறைமுகத்தில் மூட்டை, சுரங்கத்திற் பாறை, வார்ப்புச்சாலையில் இரும்பு. விழும் பொருள் வேறுபடினும் நசுங்கும் விரல் ஒன்றே. அவ்விரலுக்குச் சட்டம் இட்ட விலையையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

கி. பி. 600 அளவில் இங்கிலாந்தின் கென்ற் நாட்டை ஆண்ட ஏதல்பேட் மன்னனின் சட்டப்படி, ஒருவனது பாதத்தைத் துண்டித்தவன் 50 சிலிங்கும், காற்பெருவிரலைத் துண்டித்தவன் 10 சிலிங்கும் இறுக்க வேண்டும். பெருவிரல் நகத்துக்குக்கூடத் தனி விலை இருந்தது. காட்டுமிராண்டிக் காலம் என நாம் நகைக்கலாம். ஆயினும் ஊறு செய்தவன் இறுத்தான்.

யந்திர யுகத்தில் அதுவும் இல்லை. இறைச்சிக் கடை வேலையாளான பிறீஸ்ற்லி, 1835 இல் பாரம் மிகுந்த வண்டி முறிந்து தொடையெலும்பு உடைந்தான். யூரர்கள் 100 பவுண் வழங்கினர். 1837 இல் அபிங்கர் பிரபு அதனை மறுத்தார்: ஆபத்தென்று கண்டால் வேலையாள் பணியை மறுத்திருக்கலாமாம்! பசித்தவனுக்கு நீதிமன்று அளித்த சுதந்திரம் இது. இதிலிருந்து வளர்ந்த கோட்பாட்டின்படி, சக தொழிலாளியின் கை தவறிப் பாரம் விழுந்தால் முதலாளி பொறுப்பல்லன். தொழிற்சங்கங்கள் பல்லாண்டு எதிர்த்த இக்கோட்பாடு, பிரித்தானியாவில் 1948 இலேதான் முற்றாக ஒழிந்தது.

இதற்கிடையே, எவர் தவறு என வினவாது நட்டஈடு வழங்கும் சட்டங்கள் தோன்றின: பிரித்தானியாவில் 1897 இலும், இந்தியாவில் 1923 இலும், இலங்கையில் 1934 இலும். இந்தியச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தால் உழைப்பாற்றலில் நூற்றுக்கு 50 போயிற்று. பெருவிரலை இழந்தால் 10. கென்ற் மன்னனின் அதே எண்கள்! தற்செயலே எனினும் எம்மை உறுத்துகின்றது.

முழு ஊனத்துக்கே 42 மாதச் சம்பளம், அல்லது 3,500 ரூபா, இவற்றுட் குறைந்தது. ஆகவே பெருவிரல் 350 ரூபாவைத் தாண்டாது. சுமைகாரன் பெருவிரலை ஊன்றியே பாரத்துடன் அடியெடுத்து வைக்கின்றான். அமர்ந்து தொழில் செய்வோனின் விரலும் அவன் விரலும் அட்டவணைக்கு ஒன்றே. விரல் நசுங்கியும் அறாமல் ஒட்டிக்கொண்டதாயின், முதற் பத்து நாட்களுக்கு ஒரு காசும் இல்லை. அப்பத்து நாட்கள் மூன்றாகக் குறைய 1959 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1962 இல் அட்டவணை திருத்தப்பட்டது. பெருவிரல் அடியோடு போனால் 14. எலும்பிற் சிறிது மட்டும் போனால் 3.