சமைத்த உணவின் வெளிவைப்பு நேரம்

சமைத்த உணவின் வெளிவைப்பு நேரம் என்பது, சமைத்து முடித்த உணவு சூடாகவோ குளிராகவோ காக்கப்படாமல் வெளியில் வைக்கப்பட்டிருக்கும் மொத்த நேரத்தைக் குறிக்கும். உணவு கெட்டுவிட்டதா என்பதை அன்று, கெடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு அளிக்கப்பட்டது என்பதை இது அளவிடுகிறது.

சொல்லும் பொருளும்

ஊசுதல், புளித்தல், நூல்விடுதல், பூசணம் பிடித்தல் ஆகிய தமிழ்ச் சொற்கள் உணவு கெட்ட பின் காணும் நிலையைக் குறிப்பவை. 'இரண்டு நாள் தாங்கும்' என்னும் வழக்கு உணவின் கெடாத்தன்மையைக் குறிக்கிறது. இவற்றுள் எதுவும் வெளியில் இருந்த நேரத்தைச் சுட்டுவதில்லை. உணவகங்களில் வழங்கும் 'ஹோல்டிங் டைம்' என்பது சூடான கலத்தில் வைத்திருக்கும் நேரத்தையும் உள்ளடக்குவதால் முழுவதும் ஈடாகாது. 'வெளியில் வைத்த நேரம்' என்னும் பேச்சுவழக்கே பொருளுக்கு நெருக்கமானது. அதைக் கலைச்சொல்லாகச் சுருக்கினால் வெளிவைப்பு நேரம் என்றாகும்.

நேரத்தைக் கொண்டு உணவை வகைப்படுத்தும் பழைய சொல் ஒன்று வடமொழியில் உண்டு. பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் வரும் 'யாதயாமம்' என்பதற்கு, சமைத்து ஒரு யாமம் (3 மணி நேரம்) கடந்த உணவு என்று உரையாசிரியர் சிலர் பொருள் கொள்வர்.

அறிவியல் விளக்கம்

5 முதல் 60 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் நோய் விளைக்கும் பாக்டீரியாக்கள் பெருகக்கூடும். சோற்றில் காணப்படும் பேசிலசு செரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் அழியாமல் தங்கி, சோறு ஆறும்போது முளைக்கின்றன. அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு 121 பாகையில் 90 நிமிடம் வரை தாங்கவல்லது. எனவே மீண்டும் சூடாக்குவதால் அந்நஞ்சு நீங்காது. வாடையோ சுவை மாற்றமோ தோன்றும் முன்னரே உணவு நஞ்சாகியிருக்கலாம் என்பதால், முகர்ந்து பார்ப்பது போதிய சோதனை ஆகாது.

கால வரம்பு

உலக சுகாதார அமைப்பு 2001இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து நெறிகள், சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது என்கின்றன. சுற்றுப்புற வெப்பநிலை 32 பாகையைக் கடந்தால் வரம்பு 1 மணி நேரம் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. பாளையங்கோட்டையில் மார்ச் முதல் செப்டம்பர் வரை பகல் உச்ச வெப்பநிலை சராசரியாக 32 பாகைக்கு மேல் இருப்பதால், தாமிரபரணிப் பகுதிக்கு இக்குறுகிய வரம்பே பெரிதும் பொருந்தும்.

நேரம் கூட்டிக் கணக்கிடப்படும். காலையில் 40 நிமிடமும் பந்திக்கு முன் 50 நிமிடமும் வெளியில் இருந்த உணவின் வெளிவைப்பு நேரம் 90 நிமிடமாகும். இடையில் குளிர்பெட்டியில் வைத்ததால் முந்தைய 40 நிமிடம் கழிந்துவிடாது.

திருநெல்வேலி உணவுகள்

ஒரே நேர வரம்பு எல்லா உணவுக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை.

சொதி: மறுவீட்டு விருந்தில் இடம்பெறும் இக்குழம்பு பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் கொண்டது, புளி சேர்வதில்லை. விரைவில் கெடும்.

புளியோதரை: புளியின் காடித்தன்மையும் உப்பும் பாக்டீரியாக்களின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன. எனவே கட்டுச்சோறாகக் கொண்டு செல்லப்படுகிறது.

திருநெல்வேலி அல்வா: கோதுமைப்பால், சர்க்கரை, நெய் ஆகியவற்றால் ஆனது. சர்க்கரை நீரைப் பிணைத்து வைப்பதால் பாக்டீரியாக்கள் எளிதில் வளர்வதில்லை.

பழைய சோறு: நீரூற்றி இரவு முழுவதும் வைக்கப்படுவது. இதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் நொதித்தலை நிகழ்த்திக் காடித்தன்மையை உயர்த்துகின்றன. நீரூற்றாமல் வெறுமனே விடப்பட்ட சோறு இவ்வகையில் சேராது.

சுண்டக்கறி: விருந்தில் மிஞ்சிய குழம்பையும் கறிகளையும் ஒன்றாக்கிச் சுண்டவைப்பது. கொதித்தல் உயிருள்ள பாக்டீரியாக்களைக் கொல்லும். ஆனால் வித்துகளும் முன்னரே உண்டான வெப்பந்தாங்கும் நஞ்சுகளும் எஞ்சும். ஆகவே எத்தனை முறை சுண்டவைத்தனர் என்பதைக் காட்டிலும், முதல் கொதிக்கு முன் எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பதே முதன்மையானது.

குறைக்கும் வழிகள்

அண்டாவில் நிறைந்த உணவின் நடுப்பகுதி மெதுவாகவே ஆறும். மீந்ததை அகன்ற, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பரப்பி விரைவில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பரிமாறும் வரை வைப்பதாயின் 60 பாகைக்குக் குறையாமல் சூடாக வைத்திருத்தல் வேண்டும். சமையல் இறக்கிய நேரத்தைப் பாத்திரத்தின் மேல் எழுதி வைப்பதும் பயன் தரும்.