வீட்டில் கட்டும் சிறு விமானத்தில் செயற்கைக்கோள் வானொலி

சொந்தக் கையால் கட்டிய சிறு விமானத்தில், செயற்கைக்கோள் நேரடியாக அனுப்பும் பாட்டு, செய்தி, வானிலைத் தகவல் ஆகியவற்றை வாங்கும் கருவியைப் பொருத்துவது அமெரிக்காவில் 2000-களில் பரவிய வழக்கம். இந்தியாவிலும் அப்படியொரு ஒலிபரப்பு 2009 வரை இருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் இங்கே வீட்டில் விமானம் கட்டியவர்கள் மிகச் சிலரே. அவர்களைப் பற்றி ஊர் பேசத் தொடங்கியபோது ஒலிபரப்பு நின்றுபோயிருந்தது. இந்தியச் சூழலில் இந்தப் பொருளைப் பேச ஏற்ற ஊர் திருவனந்தபுரம். பறக்கும் பழக்கமும் விண்வெளி ஆய்வும் சேர்ந்து வளர்ந்த ஊர் அது. விண்ணிலிருந்து வரும் சமிக்ஞையைக் குலைக்கும் இயற்கைக் காரணம் ஒன்றும் அதன் தலைக்கு மேலேயே இருக்கிறது.

ஒலிபரப்பு

நோவா சமாரா 1990-ல் தொடங்கிய வோர்ல்டுஸ்பேஸ் நிறுவனத்தின் ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் 2000 மார்ச்சில் ஏவப்பட்டது. அதே ஏரியான்-5 ராக்கெட்டில்தான் இந்தியாவின் இன்சாட்-3பி-யும் போனது. கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில் நின்ற ஆசியாஸ்டார், 1,467 முதல் 1,492 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல் அலைவரிசையில் ஒலிபரப்பியது. தமிழுக்கு கே.எல். ரேடியோ, மலையாளத்துக்கு ஆர்.எம். ரேடியோ, கர்நாடக இசைக்கு ஸ்ருதி என அலைவரிசைகள் இருந்தன. விளம்பர முகமாக ஏ.ஆர். ரகுமான் வந்தார். சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். நிறுவனம் 2008 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது; இந்திய சேவை 2009 டிசம்பர் 31-ல் நின்றது.

அந்த வானொலிப் பெட்டியை வைத்திருந்தவர்களுக்கு அதன் குறை தெரியும். ஆண்டெனாவை ஜன்னலோரம் வைத்துக் கிழக்கு நோக்கித் திருப்ப வேண்டும். தென்னை ஓலை குறுக்கே வந்தாலும் பாட்டு அறும். அமெரிக்காவில் நகரங்களுக்குள் தரைமட்ட மறு ஒலிபரப்பிகள் இருந்ததால் காரில் கேட்க முடிந்தது. இங்கே அந்த ஏற்பாடு வரவில்லை. வானத்தில் மரமும் கட்டடமும் கிடையாது. ஆக, இந்தியாவில் அந்தச் சேவையைத் தடையில்லாமல் கேட்டிருக்கக்கூடிய வண்டி விமானம் ஒன்றுதான்.

கட்டியவர்கள்

திருவிதாங்கூரில் பறத்தல் அரச குடும்பத்தின் ஆர்வமாகத் தொடங்கியது. லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1930-களில் திருவனந்தபுரத்தில் விமானத் தளம் உருவானது. விளையாட்டுத் துறைக்கும் பெரும் பணி செய்த அவர் 1971-ல் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார்.

கையால் விமானம் கட்டிய மலையாளிகளில் பெயர் பெற்றவர் இடுக்கி மாவட்டம் தொடுபுழா அருகே உள்ள சஜி தாமஸ். கேட்கவும் பேசவும் இயலாதவர். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து பிறந்த ஆசை. அவர் கட்டிய இரண்டு இருக்கை விமானம் 2014-ல் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் பறந்தது; ஓட்டியவர் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். 2017-ல் வந்த ‘விமானம்’ என்ற மலையாளப் படத்துக்கு அவர் வாழ்க்கையே தூண்டுதல். மும்பையில் விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்துக்கு 2017-ல்தான் பதிவு கிடைத்தது. விமானம் கட்டுவதைவிடக் காகிதம் வாங்குவது கடினம் என்பதற்கு அவர் கதையே போதும்.

பொருத்தும் முறை

கருவி சிறியது; 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும். சிக்கல் எல்லாம் ஆண்டெனாவிலும் கம்பியிலும்தான்.

ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் தாண்டி வரும் சமிக்ஞை மிக மெலிந்தது. ஆண்டெனாவுக்கு வானம் திறந்திருக்க வேண்டும். அலுமினிய உடல் என்றால் கூரை மேல் வைக்க வேண்டும். அந்தத் தகடே ஆண்டெனாவுக்குத் துணைத் தளமாகிவிடும். கண்ணாடியிழை உடல் என்றால் உள்ளேயே ஒளித்து வைக்கலாம், அலை ஊடுருவும். கார்பன் இழையில் அது நடக்காது. திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால் ஆசியாஸ்டார் தொடுவானத்துக்கு மேல் சுமார் 56 பாகை உயரத்தில் இருந்தது. விமானம் 30 பாகை சாய்ந்து திரும்பினாலும் பாட்டு அறாமல் இருக்க அந்த உயரம் போதும். அமெரிக்காவில் வடக்கே போகப் போகச் செயற்கைக்கோள் தாழ்வதால் விமானிகளுக்கு இந்த வசதி குறைவு.

காருக்கு விற்கும் ஆண்டெனாவை வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடுவது பலரும் செய்யும் குறுக்குவழி. அதன் அடியில் காந்தம் இருக்கும். அலுமினியத்தில் அது ஒட்டாது என்பதோடு, பக்கத்தில் இருக்கும் திசைகாட்டியையும் இழுத்துவிடும். பாட்டுக்காகத் திசையைத் தொலைப்பது நல்ல வியாபாரம் அல்ல. காந்தத்தைக் கழற்றிவிட்டுத் திருகாணியில் பொருத்தி, பிறகு திசைகாட்டியைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும்.

ஜி.பி.எஸ். ஆண்டெனாவும் பேச்சு ரேடியோவின் ஆண்டெனாவும் இதிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். பேச்சு ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள் வேலை செய்கிறது. அதன் மடங்கு அலைகள் மேலே போய் விழும்: 131.285-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் ஜி.பி.எஸ்.ஸின் 1,575.42 வந்து நிற்கிறது. 123-ஐயும் பன்னிரண்டால் பெருக்கினால் 1,476, அதாவது வோர்ல்டுஸ்பேஸின் நடு வீடு. விமானி பொத்தானை அழுத்திப் பேசும்போதெல்லாம் சமிக்ஞை விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஹெட்செட்டில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை கேட்டால் காரணம் பெரும்பாலும் எர்த் கம்பி. கருவிகளை ஆளுக்கொரு இடத்தில் எர்த் செய்யாமல், பலகைக்குப் பின்னால் ஒரே புள்ளியில் சேர்த்தால் ஊளை அடங்கும். கருவிக்குத் தனி ஃபியூஸ் வேண்டும். இசையை இன்டர்காமின் இசை நுழைவாயில் வழியே கொடுப்பதே முறை. கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசினால் பாட்டு தானே தணியும். இந்த வசதி இல்லாத இன்டர்காமில் வானொலியை இணைக்கவே கூடாது.

அமெரிக்கர்கள் இதற்கு ஏன் சந்தா கட்டினார்கள் என்பதற்கு விடை பாட்டு மட்டுமல்ல. அங்குள்ள எக்ஸ்எம் வானொலியின் செயற்கைக்கோள் மழை மேகங்களின் ராடார் படத்தையும் விமானத் திரைக்கு அனுப்பியது. அதையும் கண்மூடி நம்ப முடியாது. திரையில் ஒரு நிமிடம் பழையதாகத் தெரியும் படம் உண்மையில் 15, 20 நிமிடம் பழையதாக இருக்கலாம் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் எச்சரித்தது. எக்ஸ்எம் ஒலிபரப்பு இந்தியாவை எட்டுவதில்லை. அமெரிக்காவிலிருந்து கருவியைக் கொண்டுவருவது வீண் செலவு.

காந்த நடுக்கோடு

1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அந்த மீனவ ஊரை ஒட்டிச் சென்றதுதான். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள அயனி மண்டலம் அமைதியற்றது. சூரியன் மறைந்ததும் அதில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் எழும்பும். அவற்றின் ஊடே வரும் எல் அலைவரிசைச் சமிக்ஞை படபடத்து, சில நேரம் அறுந்தே போகும். பகலும் இரவும் சமமாக இருக்கும் மாதங்களிலும், சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளிலும் இது கடுமை. சஜியின் விமானம் பறந்த திருநெல்வேலிச் சீமையும் இந்த வட்டாரத்துக்குள்தான் வருகிறது. சிறு விமானங்கள் பெரும்பாலும் பகலில் பறப்பவை என்பதால் குமிழ்களின் தொல்லை அவற்றுக்குக் குறைவு. ஆனால் பகலிலும் இந்த மண்டலம் ஜி.பி.எஸ். கணக்கைப் பிசகச் செய்யும்.

அந்தப் பிசகைத் திருத்தவே இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ககன் அமைப்பை உருவாக்கின. அதன் தரை நிலையங்களில் ஒன்று திருவனந்தபுரத்தில் உள்ளது. பிற நாடுகளின் அயனி மண்டலக் கணக்கு இங்கே பொருந்தாததால் தனிக் கணக்கையே வகுக்க வேண்டியிருந்தது. 2013 டிசம்பரில் ககனுக்கு முதல் சான்று கிடைத்தது.

சட்டமும் இன்றைய நிலையும்

ஒலிபரப்பை வாங்க மட்டும் செய்யும் கருவி வேறு, அனுப்பவும் செய்யும் கருவி வேறு. அனுமதியில்லாத துரையா, இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசிகளை இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம். விமானத்தில் இருந்தாலும் விலக்கில்லை.

செயற்கைக்கோள் ஒருவழியாகத் தகவல் சொல்லும் இன்னொரு ஏற்பாடு இந்தக் கடற்கரை மீனவர்களுக்காக வந்தது. 2017-ல் ஒக்கிப் புயல் பூந்துறை, விழிஞ்ஞம், தூத்தூர் மீனவர்களைக் கொண்டுபோன பின், 2019-ல் ஜெமினி என்ற கருவி வெளியிடப்பட்டது. ககன் செயற்கைக்கோள் வழியே வரும் புயல் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் கைப்பேசிக்குத் தரும். கரையிலிருந்து வெகுதூரம் போனாலும் எட்டும். அனுப்பும் வேலை அதற்கில்லை.

திருவனந்தபுரத்தில் இன்று விமானம் கட்டுபவர், வானொலிக்கு ஒதுக்கிய இடத்தையும் பணத்தையும் ககன் வாங்கும் ஜி.பி.எஸ். கருவிக்குக் கொடுப்பதே நல்லது. பாட்டுக்குக் கைப்பேசி போதும்.